உண்டு / இல்லை

படிவம் பதினான்கில் இரண்டே கட்டங்கள்.
உண்டு. இல்லை.
மூன்றாவதாக ஒன்றை எழுத
இடம் விடவில்லை அச்சிட்டவர்கள்.

காலையில் நகரத்துப் பள்ளி.
ரக்பி மைதானத்தில் தெளிப்பான்கள்
ஆளில்லாத புல்லைச் சுற்றிச் சுற்றி நனைத்துக்கொண்டிருந்தன.
தலைமையாசிரியர் காபி தந்தார், தட்டில் பிஸ்கட்.
நீர் வசதி: உண்டு.
நூலகம்: உண்டு.
கழிப்பறை: உண்டு.
பத்தரைக்குள் முடிந்துவிட்டது.

தார் முடிந்த இடத்திலிருந்து
நாற்பத்தொரு கிலோமீட்டர்.
வண்டியை நிறுத்தி இரண்டு முறை
கல் பொறுக்கிப் பள்ளம் நிரப்பினேன்.

லுசிசினி தொடக்கப்பள்ளி.
நீர் வசதி: உண்டு.
பச்சைத் தொட்டி, ஐயாயிரம் லிட்டர்,
கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் மங்கவில்லை.
கூரையிலிருந்து அதற்கு இறங்கவேண்டிய குழாயை
ஆகஸ்ட் காற்று கொண்டுபோய் மூன்று வருடம்.
உள்ளே ஒரு பல்லி குடியிருக்கிறது.
தொட்டி உண்டு.
நான் பொய் எழுதவில்லை.

நூலகம்: உண்டு.
அலமாரி ஒன்று, பூட்டு ஒன்று,
சாவி, மாற்றலாகிப் போன ஆசிரியரிடம்.

கழிப்பறை.
இங்கே பேனா கொஞ்சம் நின்றது.
மண்ணில் ஒரு குழி, மேலே பலகை,
பலகையில் பெரியவர்கள் அளவுக்கு வெட்டிய ஓட்டை.
முதல் வகுப்புப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும்.
ஒருத்தி உட்கார,
இன்னொருத்தி அவள் இரு கைகளையும்
பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.
யாரும் எழுதி வைக்காத விதி.
இந்த மாவட்டம் முழுக்க நான் பார்த்ததில்
பொறுப்பேற்பு என்று சொல்லத்தக்க ஏற்பாடு
அது ஒன்றுதான்.

உண்டு, என்று எழுதினேன்.

பெற்றோர் குழுவின் நொக்வாகா
சோளக்காட்டிலிருந்து நேராக வந்திருந்தாள்,
கால்களில் மண் காயவில்லை.
எழுதியதை வாசித்துக் காட்டு என்றாள்.
வாசித்தேன்.
எங்கள் பள்ளியா இது என்று கேட்கவில்லை,
அப்படிக் கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது.
கீழே யார் கையெழுத்து?
என்னுடையது.
போன வருடம்?
அதுவும் என்னுடையது.
உனக்கு மேலே?
மாவட்டம்.
அதற்கு மேலே?
மாகாணம்.
அதற்கும் மேலே?
நான் அண்ணாந்து பார்த்தேன்.
தகரத்தின் ஓட்டை வழியே கொஞ்சம் வானம்.

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பொறு என்பதும் பொறுப்பு என்பதும்
ஒரே வேரில் கிளைத்த சொற்களாம்.
உங்களுக்கு அது, எங்களுக்கு இது என்று
பங்கு பிரித்த நாளில்
இரண்டையுமே இவர்கள் வீட்டில் வைத்துவிட்டு
வந்துவிட்டோம் போலிருக்கிறது.

உன் பிள்ளை எங்கே படிக்கிறது, என்றாள்.

என் மகள் நகரத்துப் பள்ளியில்
நான்காம் வகுப்பு.
காலையில் காபி குடித்தபோது
ஜன்னல் வழியே அவள் கையசைத்தாள்.
இதைக் கேட்க எந்தப் படிவத்திலும்
கட்டம் கிடையாது.

நொக்வாகா ஒரு பையனிடம் அடிக்கோல் வாங்கி,
பென்சிலால், கை நடுங்காமல்,
உண்டு இல்லைக்குப் பக்கத்தில்
மூன்றாவது கட்டம் வரைந்தாள்.
தலைப்பு வைக்கவில்லை.
நீயே எழுது என்றாள்.

அலுவலகத்தில் பூமெசா
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
கம்ப்யூட்டரில் இது ஏறாது, என்றாள்,
ஏறுவதை மட்டும் ஏற்றினாள்.
திரையில் மாவட்ட வரைபடம் விரிந்தது.
ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி,
அந்தப் பக்கம் ஒரு புள்ளி,
இரண்டும் ஒரே பச்சை.
சமம் என்றால் இப்படித்தான் இருக்கும்,
தூரத்திலிருந்து பார்த்தால்.

மூலப் படிவம் என்னிடம் இருக்கிறது.
திங்கள் காலை ஒன்பதுக்குள்
கையெழுத்தோடு சேர வேண்டும்.
இப்போது ஞாயிறு, இரவு பதினொன்று.
மகள் தூங்கிவிட்டாள்,
குழாயை யாரோ சரியாக மூடவில்லை.
கையெழுத்துக் கோட்டின்மேல்
பேனாவை வைத்து வைத்து எடுத்ததில்
மூன்று புள்ளிகள் விழுந்திருக்கின்றன.